குங்குமப்பூவும் அல்பினோவும்

ஷ்லீரன், சுவிஸ், 14.3.1996

"அல்பினோ எண்டால் என்ன ரீச்சர்? வயித்தில இருக்கேக்க நான் குங்குமப்பூப் பால் கூடக் குடிச்சிட்டனோ?" கீழ்வீட்டு வசந்தி கைக்குழந்தையோடு வந்து இன்று கேட்டாள். டாக்டர் சொன்ன சொல்லாம். குழந்தையின் தலைமயிரும் இமையும் வெள்ளை. ஊரிலிருந்து குங்குமப்பூ அனுப்பிய மாமிக்கு அவள் இன்னும் படம் அனுப்பவில்லை.

"லத்தீனில 'அல்புஸ்' எண்டால் வெள்ளை, பிள்ளை. அதில வந்த சொல். ஆல்பத்துக்கும் அதுதான் வேர். முந்தி வெறும் வெள்ளைப் பலகையைத்தான் அப்பிடிச் சொன்னவை. இது பரம்பரையில வாறது. பால் என்ன செய்யும்?"

"அப்ப மாமியின்ர குங்குமப்பூ தப்பிச்சுது!" என்று சிரித்தாள். இன்றே படம் எடுப்பாளாம்.

சொல்ல மறந்துவிட்டேன், வசந்தி: வெள்ளை விரிப்பு வேண்டாம், நீலப் போர்வையில் கிடத்தி எடுத்துப் பார்.