தரை ஏறி வருகிறது என்று சொன்னவர்

என் செல்லச் சின்ன முதலாளிக்கு,

மூக்குக்கண்ணாடி உலகின் ஏகச் சக்கரவர்த்தியும் திட்டுவதில் ஏழு கண்டங்களையும் வென்று வந்தவனுமான உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம், கடையும் இடிந்து விழாமல் நிற்கிறது, அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி எங்களைவிட ஒரு சுற்று நன்றாகவே இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ முகத்தைச் சுளிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அதையும் பதிவு பண்ணி உலகத்துக்கு ஊட்டிவிடுவாய், அந்தப் பயம்தான். உன் சித்திக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறி மூன்று மாதமாகிறது, பல்லோடு போயிருக்கவேண்டிய கோபம் மட்டும் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன், நானே மாற்றியதால் ஜன்னல் இனித் திறக்கவே மாட்டேன் என்கிறது, திருடனும் வரமுடியாது காற்றும் வரமுடியாது. ஏழு வயதில் நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை, மறைக்கப் பார்த்தாலும் உன் சித்தி விட்டதில்லை, ஆகையால் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படி.

நீ லீவில் வந்தபோது கடை மேசையில் போனை நிற்கவைத்து எடுத்தாயே அந்த வீடியோ, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குமுன் உனக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பக்கம் நின்றவன் சொல்வதையும் ஒருதரம் கேள். நம் தெருவுக்குத் தபால் போடுகிறவர் புதுக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "அண்ணே, இதைப் போட்டா தரை ஏறி ஏறி வருது" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எதிரே உன் போன் இருந்ததே. "சார், தரை ஏறி வரலை. இத்தனை வருஷமா நீங்க பார்த்தது தரையே இல்லை. இன்னிக்குத்தான் தரை முதல் தடவையா உங்களுக்கு முகம் காட்டுது. அறிமுகம் இல்லாத ஆளைப் பார்த்தா கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். போய் ஒரு வாரம் பழகிட்டு வாங்க" என்று அடித்துவிட்டேன். அவர் "சரிங்க அண்ணே" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமமான தரையில் என்னமோ முழங்கால் உயரப் படி இருக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே போனார். நீ சிரித்தாய், நான் சிரித்தேன், பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு பதினாலு லட்சம் பேர் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் நீ அங்கிருந்து எண்ணிக்கையாகப் பார்த்தாய், நான் இங்கே ஆளாகப் பார்த்தேன். மறுவாரமே கடை வாசலில் கூட்டம். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் எனக்கு முன்னால் வந்து நின்று, "சார் எங்களையும் திட்டுங்க" என்று போனை நீட்டினார்கள். கல்யாணமான மறுநாளே ஒரு ஜோடி வந்தது, மாப்பிள்ளையைத் தனியாகத் திட்டச் சொல்லி பெண் கேட்டுக்கொண்டாள். எதிர்க்கடைக்காரர், உனக்குத் தெரியும், ஈயைக்கூட வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசி அனுப்புகிறவர், அவரும் போட்டிக்கு ஒருவரைத் திட்டிப் பார்த்துவிட்டு, திட்டு வாங்கியவர் தோளிலேயே சாய்ந்து அழுதாராம். பக்கத்து சலூன்காரர் கத்திரிக்கோலைச் சுழற்றிக்கொண்டே ஆடுகிறார், முடி எப்படி இருக்கிறது என்று கேட்பார் யாரும் இல்லை, ஆட்டம் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். தெருவில் யாரும் இப்போது வியாபாரம் செய்வதில்லை மகளே, எல்லாரும் வியாபாரம் செய்கிற மாதிரி வீடியோ எடுக்கிறோம், அதைப் பார்த்து வியாபாரம் வருகிறது. என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன், பல் தேய்ப்பதற்கு முன்னால் லைக் எத்தனை என்று பார்க்க ஆரம்பித்தேன், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று புதுத் திட்டுகளை ஒத்திகை பார்த்தேன், முந்நூறு லைக் குறைந்த ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நிஜமாகவே கண் மங்கியவர்கள் உட்கார இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். உன் சித்திதான் சத்தம் போடாமல் அவர்களைப் பின்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டு டெஸ்ட் பண்ணி அனுப்பினாள். கண் தெரிகிறவர்கள் முன்வாசல், தெரியாதவர்கள் பின்வாசல் என்று கடை இரண்டாகிவிட்டது.

போன மாதம் நீ ஒரு செய்தி அனுப்பினாய், அந்தத் தபால்கார அங்கிளைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க சித்தப்பா, இரண்டாம் பாகம் எடுக்கலாம், அதே மாதிரி காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவரைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது. இப்போது ஒரு அம்மா வந்து தபால் போடுகிறார். பழைய ஆள் எங்கே என்று கேட்டேன். "உள்ள போயிட்டாருங்க, தபால் பிரிக்கிற வேலைக்கு. அவரா கேட்டு வாங்கிக்கிட்டாரு. தெருவுல நடக்க முடியலையாம், எந்த வாசலுக்குப் போனாலும் தரை ஏறி வருதான்னு கேட்டுட்டு காலைத் தூக்கிக் காட்டுறாங்களாம். அது என்ன சார் அப்படிச் சிரிப்பு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது உன் சித்தியிடம் சொன்னேன். அவள் அந்த வீடியோவை அதுவரை முழுசாகப் பார்த்ததில்லை, வருகிறவர் போகிறவர் போனில் என் குரலைக் கேட்டுக் கேட்டே சலித்துப்போயிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து போனை வாங்கி ஒருதரம் ஓடவிட்டாள், முகத்தில் சிரிப்பு இல்லை. "நிறுத்துங்க. அவரு கழட்டி வைக்கிறாரே, அங்க போங்க" என்றாள். பிறகு போனை மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாடியை யாரு ஃபிட் பண்ணது?" என்றாள். எப்போதும் அவள்தான் பண்ணுவாள், அந்த வாரம் அவளுக்குப் பல்வலியில் கன்னம் வீங்கியிருந்ததே, நான்தான் பண்ணினேன், எனக்கா தெரியாது என்று மார்தட்டிக்கொண்டு பண்ணினேன். அவள் எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து அவருடைய பவர் எழுதிய சீட்டை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வலது கண்ணுக்குத்தான் பவர் ஜாஸ்தி, கனத்த லென்ஸ் அந்தப் பக்கம் இருக்கவேண்டும். வீடியோவில் அது இடது பக்கம் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். அவருக்குத் தரை நிஜமாகவே ஏறித்தான் வந்திருக்கிறது. பதினாலு லட்சம் பேர் என் வாயைப் பார்த்தார்கள், அவர் காலைப் பார்த்தார்கள், மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தவள் உன் சித்தி ஒருத்தி. முப்பது வருஷமாகக் கண்ணாடி விற்கிற நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறேன்.

மறுநாள் கடையை இரண்டு மணிநேரம் பூட்டிவிட்டு இருவரும் தபால் பிரிக்கிற கூடத்துக்குப் போனோம். நீளமான மேசை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள், அதன் முன்னால் அவர் ஒரு பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கவரையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்தார், எங்கே எவன் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறானோ என்று. அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன், இதில் ஒரு சொட்டுக்கூட மிகைப்படுத்தல் இல்லை. நான் தப்பைச் சொல்ல வாயெடுத்தேன், உலகத்தையே திட்டிய வாயிலிருந்து வெயில் ஜாஸ்தி என்பதுதான் வந்தது. உன் சித்திதான், "உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க, லென்ஸை இவரு மாத்திப் போட்டுட்டாரு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் கோபப்படவில்லை. "நீங்கதானே அண்ணே ஒரு வாரம் பழகச் சொன்னீங்க. நான் மூணு வாரம் பழகிப் பார்த்தேன்" என்றார். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் மாடிப்படியில் தவறி விழுந்து முழங்காலில் அடிபட்ட தழும்பை, எங்கேயாவது விழுந்தீங்களா என்று சித்தி கேட்டபிறகுதான் காட்டினார். சித்தி புதிதாகச் செய்து கொண்டுபோன கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் தரையைப் பார்த்தார், கூடத்தின் அந்தக் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார், காலை எங்கேயும் தூக்கவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று அவளிடம் சொன்னார், என்னிடம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணாடி சரியாயிடுச்சு அண்ணே, எனக்குத் தெரிஞ்சு போச்சு. சிரிச்ச பதினாலு லட்சம் பேருக்கு யாரு போய்ச் சொல்றது? என் பையில இருந்தது முந்நூறு வீட்டு விலாசம்தான்" என்றார்.

வாயை நம்பாமல் காலைக் கிளப்பினேன். அந்த முந்நூறு வீட்டுக்கும் நானே போகிறேன் என்றேன், "உங்க காலு, உங்க இஷ்டம்" என்றார். தினமும் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அவர் நடந்த தெருக்களில் வாசல் வாசலாக ஏறி இறங்குகிறேன், நேற்றுவரை நூற்றுப் பன்னிரண்டு வீடு. தப்பு அவர்மேல் இல்லை, என்மேல் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுத்துவிடுகிறார்கள். எங்களையும் ஒரு திட்டு திட்டுங்க என்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், "அது நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு நடிச்சது இல்லையா? நான் அவரை மூஞ்சிக்கு நேரா கேலி பண்ணிட்டேனே" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள் போல, போனுக்குள் இருக்கிறவருக்கு வலிக்காது என்று. அப்புறம் உன் சித்தி போனைப் பிடிக்க நான் ஒரு வீடியோ பேசியிருக்கிறேன், நாற்பது நொடி. பதினோரு தடவை எடுத்தோம். பத்துத் தடவையும் எங்காவது ஒரு வேடிக்கை வார்த்தை நுழைந்துவிட்டது, அவள் ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, "இன்னும் நீங்க உங்களைத்தான் காட்டுறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினோராவதில் நான்தானா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு சப்பென்று இருக்கிறது, உண்மை மட்டும் இருக்கிறது. அவர் முகமும் அதில் இல்லை, அவரைக் கேட்டுத்தான் எடுத்தோம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வீடியோ போடுகிற நம் கடைப் பக்கத்தின் சாவி உன் கையில் இருக்கிறது. பழைய வீடியோவை அழித்துவிட்டு இதைப் போடு. பழையதால்தான் கூட்டம் வந்தது, அதைப் பார்த்துத்தான் இன்னும் மூன்று கடைக்காரர்கள் தங்கள் பக்கத்தையும் உன்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் இதையும் சொல், தயங்காதே. நீ அழித்தால் மட்டும் போதாது, எத்தனையோ பேர் கையில் பிரதி இருக்கும், அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இருக்கட்டும், நம் வாசல் வழியாக வெளியே போனதை நம் வாசலாவது அடைக்கட்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தெரு வேலைக்கே திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அதற்குள் நடக்கவேண்டும். வெயிலும் நடையும் நாலு பேர் முகமும் பிடித்த மனுஷர், நாலு சுவருக்குள் அவருக்கு மூச்சு முட்டுகிறது. பழி உன்மேல் இல்லை, நீ எதிரே இருந்ததை எடுத்தாய், எதிரே கூத்தடித்தவன் நான். ஒன்று மட்டும், இனி யாரையாவது எடுத்தால் போடுவதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடு, அவர் சிரிக்கிறாரா என்று பார். கூட்டம் குறையும், குறையட்டும், பின்வாசலை மூடிவிட்டு உன் சித்தி எல்லாரையும் முன்வாசல் வழியாகவே கூப்பிடலாம்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போனைப் பார்க்காதே, உனக்கும் பவர் ஏறினால் லென்ஸ் போடுகிறவன் யார் என்று யோசித்துப் பார். நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுசோடு, உன்னைப் பார்த்து நாலு பேர் நிம்மதியாகிற மாதிரி வாழவேண்டும் என்று நானும் சித்தியும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கடிதம் கிடைத்ததும் ஒரு போன் போடு, அந்த நாற்பது நொடியை அவள் அனுப்பிவைப்பாள். இதை உன் வீட்டுப் படியேறிக் கொண்டுவந்து கொடுக்கிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு. அவர் கண்ணாடி போட்டிருந்தால் நன்றாகத் தெரிகிறதா என்று விசாரி, தெரியவில்லை என்று சொன்னால் நம்பு.

இப்படிக்கு,
மணிமுடியைக் கழற்றி வைத்துவிட்ட சக்கரவர்த்தி,
உன் சித்தப்பன்
(சித்தி படித்துப் பார்த்து மூன்று பொய்களை அடித்துவிட்டாள், மிச்சம் இருப்பது நிஜம்.)