நாத்தனார் நிறுத்திய வேன்

என் வீட்டுக்காரருக்கு ஜீபெக் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? மலைக்கணவாய்ச் சாப்பாட்டுக்கடையில் சமைத்துக்கொண்டு நான் நலம்.

ஊரிலிருந்து எங்களை வேலைக்கு ஏற்றிவரும் துராத்தின் வேன் வலப்பக்கமே இழுத்து, முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட், புஷ், டயர் எல்லாம் புதிதாக மாற்றினான். பிறகு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது.

உங்கள் அக்காவைப் புதைத்த இடுகாட்டருகே நேற்று, வழக்கம்போல ஸ்டீயரிங்கிலிருந்து இரு கைகளையும் எடுத்து, முகம் தடவி இறந்தவர்களுக்காக வேண்டினான். வேன் தானாகத் திரும்பி அவள் தலைமாட்டில் நின்றது.

"பாட்டி, உங்களத்தான் கூப்பிடுறாங்க. இறங்கிப் பேசிட்டு வாங்க."

"வாழ வந்த அன்னிக்கே என்னைத் திருடின்னவகிட்ட என்னடா பேச்சு? ஓட்டு."

வேன் நகரவில்லை. நான் இறங்கியதும் கிளம்பியது. ஏறியதும் நின்றது. கடைக்கு நடந்தே போனேன்.

பயப்படாதீர்கள். ஊருக்கு வர எனக்கு அந்தச் சாலைதான்; அவள் விடும்வரை கடையிலேயே தங்குகிறேன். என் கம்பளிக் காலுறையை நீங்களே கொண்டுவாருங்கள். வரும் வழியில் இடுகாட்டில் நின்று, என்னைப் போகவிடச் சொல்லி உங்கள் அக்காவிடம் பேசுங்கள். நான் பேசமாட்டேன்.

அடுப்பில் கறி கொதிக்கிறது.

ஜீபெக்