வெண்ணெய் மீனின் காவல்

மெய்ன் கடற்கரை, ஜனவரி

அன்புள்ள மார்லாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? பல் முளைத்துவிட்டதா? எனக்கு அலுப்பைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நேற்று தண்ணீர் வற்றியதும் கடல்நத்தை பொறுக்க ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் ஒரு வெண்ணெய் மீன், முதுகெல்லாம் முள்ளோடு, முட்டை உருண்டையை நாடாபோல் சுற்றிக் கிடந்தது. சோர்வில் கல்லைத் திருப்பி வைக்காமல் அப்படியே நகர்ந்துவிட்டேன். கூட்டாளி பர்ல் கத்தினான்: "டேய், கல்லை இருந்த மாதிரியே வைடா! உன் வீட்டுக் கூரையைப் பிரிச்சா சும்மா இருப்பியா?"

வைக்கும்போது விரல் நசுங்கியது. ஒரு நகம்தான், பயப்படாதே. பெரிய கையுறை அனுப்பு. விரலில் மாட்டிக்கொள்ள, குழந்தையின் பழைய சாக்ஸ் ஒன்றையும் அதற்குள் வை.

"அந்த மீன்ல ஆணும் பொண்ணும் முறை போட்டு முட்டைக்குக் காவல் இருக்கும்டா," என்றான் பர்ல்.

தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது, நத்தை பொறுக்கக் கிளம்புகிறேன். நம் வீட்டில்தான் நான்கு மாதமாக உன் முறையே நடக்கிறது, மார்லா.

வெண்டல்