கரையும் கறையும்

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் அண்ணன் என்று கூப்பிட்ட உங்கள் கணவருடைய எண்ணுக்கே இதை அனுப்புகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்து சேர வேறு வழி தெரியவில்லை.

அண்ணனும் நானும் ஒரே வாட்ஸ்அப் எழுத்துக் குழுவில் இருந்தோம். ஒருவர் ஒரு சொல்லைப் போட, மற்றவர்கள் அதைப் புரட்டி விளையாடுவோம். நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்று ஒருநாள் எழுதினேன். "பட்டம் வாங்கிட்ட தங்கச்சி, நூலு வாங்கினியா?" என்று கேட்டார். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். "எங்க எண்ணூர்ல கரையே கறைதான் மாமு" என்று குழுவில் இருக்கும் தீனாவை மடக்கியதும் அவர்தான். மாமு போடாமல் அவர் தீனாவுக்குப் பதில் எழுதியதே இல்லை.

போன வாரம் டோல்கேட்டில் பஸ் நின்றபோது சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். குழுவில் பார்த்த அதே முகம். கடலில் மறைந்தார் என்று போட்டு, கீழே மனைவி என்று உங்கள் பெயர் மட்டும் இருந்தது.

அன்று மாலையே தீனா குழுவில் கேட்டார்: "இன்னா மாமு, ஆளையே காணோம்? கரை ஏறிட்டியா?"

அண்ணன் எண்ணிலிருந்து பதில் வந்தது: "கரை ஏறல. கறைதான் கீது."

எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பதிலில் மாமு இல்லை. அவர் போனில் எழுதியது போஸ்டரில் பெயர் இருந்த நீங்கள்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. புரிந்த பிறகும், அவர் பெயர் திரையில் வந்தால் போனைக் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்களே குழுவில் சொல்லிவிடுங்கள் அக்கா. அவர்கள் சிரிப்பதை நிறுத்தட்டும். ஆனால் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் பெயரில் விளையாட வாருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன் தங்கச்சி என்று கூப்பிட்டவள்