குறுக்கு விசாரணைக்கு நீ வரவேண்டுமாம்

அன்புள்ள மணி அண்ணா,

ஹைகோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. நீ எங்களைவிட்டுப் போனபிறகு நம் கேஸில் வந்த முதல் தீர்ப்பு. அம்மாவோடு பஸ்ஸில் ஸ்ரீராம்புரம் வீட்டுக்குத் திரும்பும்போதே உன்னிடம்தான் சொல்லவேண்டும்போல் இருந்தது.

பிரஸ் மெஷின் உன் வலதுகையை நசுக்கியபோது, "இந்த ஆள் எங்க தொழிலாளியே இல்ல" என்றது கம்பெனி. தொழிலாளர் நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் நீ கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னாய். உன்னைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய அவர்கள் வக்கீல் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதோ காரணம் சொல்லி வாய்தா வாங்கினார். நீ கையைத் துண்டால் மூடிக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பாய்.

கடைசியில் அதிகாரிக்கே பொறுக்கவில்லை. "ஸாக்கு ரீ, இன்னு டைம் கொடல்ல" போதும், இனி டைம் தரமாட்டேன் என்று கன்னடத்தில் அதட்டிவிட்டு, இனிக் குறுக்கு விசாரணை கிடையாது என்று உத்தரவு போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை.

"கேக்கட்டுமே கலா. என்ன கேட்டாலும் நான் சொல்லுவேனே."

நம் வக்கீலம்மாவோ, "நமக்கு நல்லதுதாம்பா. இது இடைக்கால உத்தரவு. இதுக்குன்னு தனியா அவங்க அப்பீல் போக முடியாது" என்றார். பிறகு போகமுடியுமா என்று நாம் ஏன் கேட்கவில்லை?

இறுதித் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. நீ தொழிலாளிதான் என்று எழுதினார்கள். இடதுகையால் அம்மாவுக்கு மைசூர்பாகு ஊட்டிவிட்டாய். கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கே கேஸ் அசையாமல் கிடந்த நாட்களில்தான் உனக்கு நெஞ்சுவலி வந்தது. கேஸில் உன் இடத்தில் அம்மாவின் பெயரைச் சேர்த்தோம்.

இப்போது ஹைகோர்ட் சொல்கிறது: இறுதித் தீர்ப்பை எதிர்க்கும்போது அந்தப் பழைய உத்தரவையும் சேர்த்து எதிர்க்கலாமாம். உன்னைக் கேள்வி கேட்க விடாமல் தீர்ப்புச் சொன்னது செல்லாதாம். எல்லாம் ரத்து. மறுபடி அதிகாரியிடமே போய் முதலிலிருந்து விசாரிக்கவேண்டுமாம்.

"செத்துப்போனவர எப்படிம்மா கேள்வி கேப்பாங்க?" என்றேன்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேக்க முடியாது. அதனால அவர் சொன்ன சாட்சியே பலமில்லன்னு வாதாடுவாங்க. கூட வேலை செஞ்சவங்க யாராவது வரணும்மா."

உன்னோடு ஒரே ஷிப்டில் இருந்த செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். "தங்கச்சி, மணி எனக்குக் கூடப்பிறந்த மாதிரி. ஆனா நான் இன்னும் அங்கதான வேலை பாக்கறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. யார்மேல் கோபப்படுவது, அண்ணா?

அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்: "நம்ம பையன் அங்க வேலை செஞ்சானா இல்லையான்னு அவங்களுக்கு இன்னுமா தெரியல?"

நானே சாட்சி சொல்கிறேன் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். நைட் ஷிப்டுக்குக் கம்பெனி கேட்டில் உனக்குச் சாப்பாடு கொடுத்ததும், உன் சட்டையில் எண்ணெய்க்கறை போகத் துவைத்ததும் நான்தானே. ஆனால் மெஷின் பக்கத்தில் நீ நின்று நான் பார்த்ததில்லை. "இது கோர்ட்ல நிக்குமான்னு சொல்லமுடியாதும்மா" என்கிறார்.

தெரிந்துதான் போகிறேன். கூண்டில் ஏறி, உன் பெயரையும் நீ பார்த்த வேலையையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். அம்மாமேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கலா