பின் சக்கரத்துக் கல்

5.8.2007, ஞாயிறு. நல்ல வெயில்.

கையெழுத்துக்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டைப் படிக்கப்போவது நான் மட்டும்தான். சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். கோடு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஸ்டியரிங் பிடித்து நாற்பது வருஷம், பேனா பிடித்து ஏழு மாதம். வயது அறுபத்தாறு.

பெயர் சவரிமுத்து. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பூசை முடிந்து கோயில் கூடத்தில் வகுப்பு. டீச்சரம்மா என் நோட்டைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கால் போடாம வுட்டுட்டீங்களே. காலையில பல் வாங்கினேன்னு எழுதியிருக்கீங்க. பல்லா, பாலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். கால் என்பது எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கோடு. அடிக்கடி விட்டுவிடுகிறேன். இனி எந்த எழுத்தைப் பார்த்தாலும் முதலில் கால் இருக்கிறதா என்று தேடுவது.

வேனில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. (ஹேண்ட் பிரேக் என்று எழுதப் பத்து நிமிஷம். இனிமேல் ஹே.பி.)

6.8, திங்கள். காலையில் காற்று.

தட்டாஞ்சாவடி ஐஸ் கம்பெனியில் முப்பது பார் ஏற்றி, பிள்ளைச்சாவடி கடற்கரையில் இறக்கினேன். தினமும் அதுதான் வேலை. அங்கே வண்டி நிற்கும் இடம் கடலைப் பார்த்துச் சரிவு. ஹே.பி.யை மேலே வரைக்கும் இழுத்தாலும் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்கிறது. கியரில் போட்டால் கியர் தானே கழன்றுகொள்ளும் வண்டி. பின் சக்கரத்துக்குக் கருங்கல் வைத்துத்தான் நிறுத்துகிறேன். மூன்று மாதமாக அந்தக் கல் சீட்டுக்கு அடியில் என்னோடு வருகிறது.

திரும்பும்போது மெக்கானிக் சம்பந்தத்திடம் காட்டினேன். பட்டறை கம்பெனிக்குப் பக்கம்தான். கம்பெனியின் நாலு வேனும் அவனிடம்தான். அதுதான் அவன் பிழைப்பு.

அவன் பார்த்தது:
லீவர். இழுத்தால் பதினோரு பல் ஏறுகிறது. ஆறில் பிடிக்க வேண்டுமாம்.
கேபிள். ஐஸ் தண்ணீரும் உப்பும் பட்டுத் துரு.
கேபிளை முறுக்கினான். எண்ணெய் விட்டான். இப்போது ஏழு பல்லில் பிடிக்கிறது.

"இன்னா பெரியவரே, பாக்கெட்ல பேனா?"

"எழுதப் படிக்கக் கத்துக்கினேன்."

"அப்போ இனிமே முசேன்னுதான் கூப்புடணும்."

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, படித்தவர்களைக் கூப்பிடுவது. சந்தோஷமாக இருந்தது. வீட்டில் லூர்துவிடம் சொன்னேன். "முசேவுக்குக் கஞ்சி போதுமா?" என்றாள் என் பெண்டாட்டி.

7.8, செவ்வாய். புழுக்கம்.

சமதரையில் பிடித்தது. சரிவில் மறுபடியும் நழுவல். கல்தான் காப்பாற்றியது.

சம்பந்தம் பின் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தான். பிரேக் லைனிங் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து உள்ளே இறங்குகிறது. "கேபிளை எவ்ளோ முறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். எண்ணெய் தடவுன கையால மீனைப் புடிக்கிற மாதிரி." கசிவை அடைக்கிற சீல் மாற்ற வேண்டும், லைனிங் புதிது போட வேண்டும். சாமான் விழுப்புரத்திலிருந்து வர வேண்டும். பின் கதவுத் தாழ்ப்பாளும் ஆடுகிறது, அதையும் சொல்லிவைத்தேன்.

முதலாளி வண்டியை நிறுத்த விடமாட்டார். துடைத்துச் சுத்தம் செய்து, பிற்பகலில் தருவதாகச் சொன்னான். "நான் வெளிய போயிருந்தா என் சம்சாரத்தாண்ட சொல்லிட்டுப் போறேன்."

"எதுக்கு? எழுதி வை. படிச்சுக்கிறேன்." நான்தான் சொன்னேன்.

8.8, புதன். வெயில். நல்ல நாள்.

நேற்று வண்டி எடுக்கப் போனபோது சம்பந்தம் இல்லை. ஸ்டியரிங்கில் ஒரு அட்டை சொருகியிருந்தது. எனக்கு. என் பெயர் போட்டு. இதுவரை எனக்கு யாரும் எதுவும் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் வேறு யாராவதுதான் படித்துச் சொல்லியிருப்பார்கள். நின்றபடியே படித்தேன். கேபிள் முறுக்கியிருக்கிறதாம், கல் வைக்க வேண்டாமாம், மீதி வேலை வெள்ளியாம். பிரேக் முடிந்துவிட்டது, மீதி வேலை தாழ்ப்பாளாகத்தான் இருக்கும்.

கல்லை எடுத்துப் பட்டறைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். இன்று கடற்கரையில் சரிவுக்கு மேலே, மேட்டிலேயே நிறுத்தினேன். நகரவில்லை. அட்டையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியாயிற்று.

9.8, வியாழன்.

இன்று கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

வழக்கமான சரிவில் நிறுத்தினேன். ஹே.பி. ஏழு பல். கல் இல்லை. ஐஸ் இறக்க ஆள் கூப்பிடப் போனேன். இருபது அடிகூடப் போயிருக்கமாட்டேன். கூச்சல். வேன் பின்னால் உருண்டு, படகில் இடித்து நின்றது. நடுவில் மீன்காரி அஞ்சலை, கூடையோடு உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவள். எழுந்துவிட்டாள், ஆனால் வலது கால் மாட்டிக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரி. கணுக்காலில் முறிவு. மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் நடக்கக் கூடாது.

மாலையில் கம்பெனி வாசலில் எல்லோரும். சம்பந்தத்தை வரவழைத்தார்கள்.

"கல்லு வைக்கணும்னுதான் எழுதினேன் முதலாளி."

"வேண்டாம்னு எழுதினே," என்றேன். "என் கண்ணால படிச்சேன்."

"நீங்க சரியாப் பாத்தீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்றியா? இத்தனை பேருக்கு முன்னாடி?"

வயசானவன் பொய் சொல்லமாட்டான் என்று எல்லோரும் என் பக்கம். முதலாளி சொல்லிவிட்டார்: நாலு வேனும் இனி வேறு பட்டறைக்கு.

10.8, வெள்ளி. மழை.

வண்டி வேறு பட்டறையில். வேலை இல்லை. முதலாளி அட்டையைக் கேட்டிருக்கிறார். ஒட்டியது கிழியும் என்று, பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்க நினைத்தேன். எடுத்துப் படித்தேன். வேண்டாம் என்றுதான் இருந்தது.

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். படிப்பதைவிட எழுதுவது எனக்கு மெதுவாக வரும்.

க ல். வை க் க. வே ண்.

அடுத்தது ட. ட-வுக்குப் பக்கத்தில் கால் தனியாக நிற்கவில்லை. ட-விலிருந்தே கிளம்பி மேலே வளைந்து போகிறது. பேனாவைத் தூக்கிவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.

டு.

கல் வைக்க வேண்டும்.

11.8, சனி. தூறல்.

யாரிடமும் சொல்லவில்லை. நினைத்தவை:
அவன் டு-வை இன்னும் நன்றாக வளைத்திருக்கலாம்.
அட்டையில் எண்ணெய்க் கறை.
அட்டை மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னால் யார் பார்க்கப்போகிறார்கள்.
வண்டி ஓட்டாமல் வீட்டில் இருந்தால் நான் என்ன ஆவேன்.
படிக்கக் கற்றுக்கொண்டதே தப்போ.

லூர்து, "ரெண்டு நாளா நோட்டைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கே. அதுல அப்படி இன்னாதான் கீது?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். அவளுக்கும் பொய்.

12.8, ஞாயிறு.

பூசைக்குப் போனேன். வகுப்புக்குப் போகவில்லை. நோட்டிலிருந்து அட்டையைப் பிரித்தேன். ஓரம் கிழிந்தது. தட்டாஞ்சாவடிக்கு நடந்தேன்.

பட்டறை காலி. சம்பந்தம் தனியாக உட்கார்ந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டறைக்குள், அவன் பக்கத்தில் என் கல்.

"மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சு எடுத்து வச்சேன்," என்றான். முகம் பார்க்கவில்லை.

அட்டையை நீட்டி, டு-வின் மேல் விரல் வைத்தேன். "நான் கால் போட்டுப் படிச்சிட்டேன் சம்பந்தம்."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். அப்புறம்: "இல்லாத காலை நீங்க போட்டீங்க முசே. இருந்த காலு ஒடஞ்சிது."

அந்த முசே குத்தியது.

"மன்னிச்சுக்கப்பா."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடி மாத்திச் சொல்லுங்க."

அவன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். மடியில் கல். ஞாயிறென்றாலும் கம்பெனி உண்டு, மீன் அதிகம் போகும் நாள். டிரைவர்கள் மூன்று பேர், முதலாளி, ஐஸ் உடைக்கிறவர்கள். அட்டையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். வே. ண். டு. ம். வகுப்பில்கூட இவ்வளவு சத்தமாகப் படித்ததில்லை.

"நல்ல பண்டிதருய்யா!" ஒரு டிரைவர்.

முதலாளி சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து வண்டிங்க சம்பந்தத்துக்கிட்டயே வரட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். கல்லை அங்கேயே வைத்தேன், அடுத்து ஓட்டுகிறவனுக்கு.

13.8, திங்கள். வெயில்.

பஸ்ஸில் பிள்ளைச்சாவடி. ஜன்னல் ஓரம். கடைப் பலகைகள் தானாகக் கண்ணில் படுகின்றன, படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

அஞ்சலை கட்டிலில். கால் தலையணை மேல், வெள்ளையாக, பெரிதாக. மருமகள் கூடை தூக்கிப் போயிருக்கிறாள். பழம் வாங்கிப் போனதை அஞ்சலை பார்க்கவில்லை.

எல்லாம் சொன்னேன். மெக்கானிக் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்றேன்.

"அந்த அட்டை இருக்குதா? காட்டு."

தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். டு எப்படி, டா எப்படி என்று பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நான் ஒரெழுத்து படிச்சதில்ல. சரிவுல வண்டிய வுட்டா கல்லு வைக்கணும்னு எனக்குத் தெரியும். அட்டையப் பாத்தியே, தரையப் பாத்தியா நீ?"

பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

கிளம்பும்போது கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள், படி என்றாள். இரண்டு தடவை படித்தேன். பிறகு, வாசலில் போன ஒருவரை நிறுத்தி, சரியா என்று கேட்டேன். சரி என்றார். திங்கள் 20, காலை எட்டு மணி. நான் கூட வருகிறேன் என்றேன். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போய்வந்து அடுத்த வாரம் இதில் எழுத வேண்டும். டு. பார்த்துவிட்டேன்.