திங்கள் இரவு ஏழு மணி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் தோல்வி. மெயிலும் நாட்காட்டியும் ஒன்றாய் இருக்கிற இந்த மென்பொருளில், அதோடு வரும் பதிவுப் படிவத்தை எங்கள் கிளினிக்குக்கு ஏற்றபடி மாற்ற மூன்று வாரமாய் மாரடிக்கிறேன். என் கொம்பியூட்டரில் அழகாய்த் திறக்கிறது. போன் மேசையில் பதிவெடுக்கிற கஜனி திறந்தால் பழைய படிவமே வந்து பல்லைக் காட்டுகிறது. நான் போட்ட பெட்டி ஒன்றையும் காணோம்.

முதலாளி மசூர் ஹாஜியார் மாத முடிவு வரைதான் தவணை தந்திருக்கிறார். சரிவந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால்? வீட்டுக்குத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

இல்லை. இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ்! படிவத்தை என் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வெளியிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் வெளியிட வேண்டுமாம். பைத்தியக்காரி.

இனிக் கஜனி கிழமையையும் வேளையையும் தெரிவு செய்தால், போனில் சொல்ல வேண்டிய வசனம் கீழே தானாய் வரும்: "டொக்டர் திங்கள் இரவு ஏழு மணிக்குப் பார்ப்பார்." திகதியை எடுத்துவிட்டேன். வயதான ஆட்கள் இலக்கங்களில் குழம்புகிறார்கள் என்று ஹாஜியார் சொல்லிக்கொண்டே இருந்தார். கஜனியிடம் கண்டிப்பாய்ச் சொன்னேன்: "அந்த வரிய அப்படியே வாசி. உன்ட சொந்தக் கதை வேணாம்."

"ஓம் அக்கா," என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிரந்தரக் கடிதம் கையில்! உம்மா அழுதுவிட்டா.

செப்டெம்பர் 10, புதன்

இறக்காமத்திலிருந்து ஸுல்பிகா என்று அக்கா வயதில் ஒரு ராத்தா வந்து கிளினிக் முழுக்கக் கேட்கும்படி கத்தினா. அவவின் வாப்பா மீராசாஹிபுக்குச் சீனி வருத்தம், காலில் புண். முதலாம் திகதி திங்கட்கிழமை டொக்டரிடம் பதிவு. ஆள் வரவில்லை என்று நாங்கள் குறித்து வைத்திருந்தோம்.

"வரல்லையா? திங்கள் ராவு எண்டுதானே சொன்னீங்க? ஞாயித்துக்கிழம மஃரிபோட வந்து, பூட்டின கேட்டுக்கு முன்னால எட்டு மணி வரைக்கும் இருந்தம். ரோட்டுல காட்டு ஆன நிக்கும் எண்டு பயந்துதான் திரும்பின. டொக்டர் வரல்லயாக்கும், அடுத்த முறை பாப்பம் எண்டாரு வாப்பா. இப்ப கால் கறுத்துப்போய் ஆஸ்பத்திரியில கிடக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொழுது பட்டு மஃரிப் தொழுகை நேரம் வந்ததும் எங்களுக்கு நாள் மாறும். எங்கள் வீட்டில் வெள்ளி ராவு என்றால் வியாழன் பொழுது பட்ட பிறகு; யாஸீன் ஓதுவதும் அப்போதுதான். அப்படியென்றால் திங்கள் ராவு ஞாயிற்றுக்கிழமை இரவு. பிறந்ததிலிருந்து நாக்கில் கிடக்கிற கதை. கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியதும் என் மூளை எங்கே போனது? திகதி ஒன்று இருந்திருந்தால் போதுமே.

ஹாஜியார் கஜனியைக் கூப்பிட்டார். "நீ வீரமுனைத் தமிழ்ப் பிள்ள. நம்மட ஆக்கள்ற கதை உனக்கு விளங்கல்ல. இந்த மாசத்தோட வேலைக்கு வர வேணாம்."

கஜனி என்னைப் பார்த்தாள். "அந்த வரியத்தானே அக்கா வாசிச்சன்."

நான் வாயைத் திறக்கவில்லை. நான்!

செப்டெம்பர் 11, வியாழன்

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவளுடையது. அந்த மனிசன்ட காலுக்கு யாரு பதில் சொல்ற? யா அல்லாஹ், என்ட வாய்க்கு என்ன நடந்த?

செப்டெம்பர் 13, சனி

படிவத்தில் திகதியை மறுபடி சேர்த்தேன். இனிமேல் பதிபவர்களுக்குச் சரி. பழைய வரியை ஏற்கெனவே காதில் வாங்கியவர்களை எந்தப் படிவம் திருத்தும்? நாளை மறுநாள் திங்கள், டொக்டர் வருகிற நாள்.

பதிந்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் காலையிலிருந்து நானே போன் எடுத்தேன். ஒன்பது பேர் நாளைக்கே வர ஆயத்தமாய் இருந்தார்கள். ஒன்பது பேர்! கடைசி ஆளோடு கதைத்து வைத்ததும் எழுந்து ஹாஜியாரிடம் போனேன். படிவம் செய்தது நான், திகதியை எடுத்தது நான், மாற்றாமல் வாசி என்றதும் நான். சொல்லி முடித்தேன். இலக்கங்களைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அந்தப் பிள்ள நிக்கட்டும். நீ கொம்பியூட்டர விடு. நிரந்தரக் கடிதத்தயும் கொண்டு வந்து தா."

செப்டெம்பர் 15, திங்கள்

என் கதிரையில் கஜனி. போன் மேசையில் நான். "முதலே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

பெயர் சொல்லமுதலே குரல் தெரிந்தது. ஸுல்பிகா ராத்தா. வாப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க எங்கள் கிளினிக்குக்கு ஆள் வருகிறாரே, அவரிடம் காட்ட நாள் வேண்டுமாம்.

"நவம்பர் பதினேழாம் திகதி, திங்கட்கிழம, பின்னேரம் நாலு மணி," என்றேன். "வெளிச்சத்தோட. மஃரிபுக்கு முந்தி."

"நீங்க யாரு கதைக்கிற?"

நுஸ்ஹா என்றேன். அந்தப் படிவத்தைச் செய்தவள் நான்தான் என்றும் சொன்னேன். போனை வைத்துவிடுவா என்றே நினைத்தேன்.

"திகதிய இன்னொருக்காச் சொல்லுங்க," என்றா. "எழுதிக்கிறன்."